அத்தர் காக்கா வீட்டில் பூசண வாடை

திருநெல்வேலிச் சீமையில் மூக்கு என்று சொல்லிக்கொள்ளும்படி இருந்தது ஒரே ஒருவருக்குத்தான். எங்கள் வீட்டுக்காரர் அத்தர் காக்காவுக்கு. நமக்கெல்லாம் இருப்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள ஒரு மேடு, ஜலதோஷம் பிடிக்க இரண்டு ஓட்டை. அவ்வளவுதான்.

காயல்பட்டினத்துப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். அத்தர் விற்றதால் அத்தர் காக்கா. மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவரும் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, "அத்தர் காக்கா மாடியில இருக்காவளா?" என்றுதான் கேட்பார்.

அந்த மூக்கின் பெருமையை முதலில் எனக்குச் சொன்னவர் தெருமுனை டீக்கடைக்காரர். நெய் வாங்கினால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் காக்காவிடம்தான் வருவார்களாம். மூடியைத் திறக்கவே விடமாட்டாராம். "மூடியே சொல்லுதே வே, டால்டான்னு" என்று திருப்பி அனுப்பிவிடுவாராம். துபாயில் அத்தர் கடையில் இருந்தபோது, அரபி ஒருத்தர் வாசல்படி ஏறும்போதே அவருக்குப் பிடித்த அத்தரை எடுத்து மேஜையில் வைத்துவிடுவாராம். ஒரு கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, அடுப்படியில் வெந்துகொண்டிருந்த பிரியாணிக்கு உப்பு குறைச்சல் என்று ஆள் சொல்லி அனுப்பினாராம்.

"உப்புக்கு வாசம் உண்டா?" என்று நான் கேட்டேன்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் டீயைப் பாதியோடு வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

காக்கா தினமும் காலையில் ஒரு பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு யாவாரத்துக்குக் கிளம்புவார். பெட்டிக்குள் வரிசையாகக் குப்பிகள். ஒன்றிலும் லேபிள் கிடையாது. கேட்டால் கோபம் வரும். "லேபிள் ஒட்டுதவன் பலசரக்குக் கடை வைக்கணும் வே. அத்தர் விக்கப்படாது." குப்பிகளின் கழுத்தில் மட்டும் கலர் கலராக நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும். சின்னப் பிள்ளைக்குக் கயிறு கட்டிவிட்ட மாதிரி. அழகுக்கு என்று நினைத்துக்கொண்டேன். தெருவும் அப்படித்தான் நினைத்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் கவலைக்காரன். டவுணில் ஒரு பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிற வேலை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் என் எழுத்து ஊர்ப்பட்ட வீடுகளில் குடத்திலும் தூக்குவாளியிலும் இருக்கிறது. இந்த வேலைக்கு வந்தவன் கவலைப்படாமல் இருக்க முடியாது. எவர்சில்வரில் விழுந்த எழுத்தை அழிக்க ரப்பர் கிடையாது. அதனால் துண்டுச்சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்தாலும் வாயால் ஒரு தடவை, சீட்டில் விரல் வைத்து ஒரு தடவை, மிஷினை வைக்குமுன் ஒரு தடவை என்று கேட்பேன். "கல்யாணமே முடிஞ்சிரும்போல இருக்கே" என்று பெண்வீட்டுக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருவேன். பார்த்துவிட்டுப் போனால், பார்க்கும்போது தெரியாமல் திறந்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை வருவேன்.

அந்த வீட்டை நாங்கள் பார்க்கப் போனது சித்திரை மாதத்தில். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாளையங்கால்வாய். பட்டாசல் என்கிற முன்கூடம், அடுக்களை, ஒரு படுக்கையறை. நுழைந்ததும் சந்தன வாசம் ஆளைத் தூக்கியது. என் மனைவி சித்ரா வாசலிலேயே, "இதே வீடுதான்" என்றுவிட்டாள். பின்னால் ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது.

"அது என் சரக்கு ரூம். காலையில வந்து எடுத்துக்கிடுவேன். மத்ததெல்லாம் உங்க ராச்சியம்" என்றார் காக்கா. அவருக்கு மாடி. பெண்டாட்டி பிள்ளைகள் காயலில், அவர் மனைவியின் வீட்டில். அந்த ஊர் வழக்கம் அது. சனிக்கிழமை சாயங்காலம் போய்த் திங்கள்கிழமை வருவார்.

ஆவணியில் வளைகாப்பு முடிந்து சித்ரா முக்கூடலுக்கு, அம்மா வீட்டுக்குப் போனாள். ஐப்பசியில் மழையும் வந்தது, மகளும் பிறந்தாள். மழையோடு அந்த வாடையும் வந்தது.

எப்படிச் சொல்ல? நனைந்த சாக்கும் பழைய குடையும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற மாதிரி ஒரு வாடை. கதவைத் திறந்ததும் "வந்துட்டியா?" என்று கேட்கும். சட்டையில் ஏறிக்கொண்டு என்கூடவே வேலைக்கு வரும். முதல் நாள் செருப்பைச் சந்தேகப்பட்டேன். அடுத்த நாள் தலையணையை. அப்புறம் என்னையே. இரண்டு வேளை குளித்துப் பார்த்தேன். நான் மணத்தேன், வீடு மணக்கவில்லை.

மாடிக்குப் போனேன்.

"காக்கா, வீட்டுல ஒரு வாடை வருது."

"என்ன வாடை?"

"பூசண வாடை."

நான் கைநீட்டி அடித்துவிட்டது மாதிரி பார்த்தார். "என் வீட்டுலயா? வாரும் வே கீழ."

பட்டாசலுக்கு நடுவில் நின்றார். கண்ணை மூடினார். தலையைத் தூக்கி இடப்பக்கம் ஓர் இழுப்பு, வலப்பக்கம் ஓர் இழுப்பு. என் மூச்சு அவருடைய சோதனையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"சந்தனம்" என்றார். "லேசா மரிக்கொழுந்து. அங்கன சன்னல் பக்கம் மழை பெஞ்ச மண்ணு. வேற ஒண்ணும் இல்ல வே."

"இல்ல காக்கா, இந்தப் பின்ரூம் பக்கத்துல இருந்து..."

"என் சரக்கு ரூமா?" குரல் ஏறிவிட்டது. "ஏ வே, பூ மார்க்கெட்டுக்குள்ள நின்னுக்கிட்டு சாக்கடை எங்கன இருக்குன்னு கேப்பீரா? உம்ம மூக்குலதான் கோளாறு. காதைக் காட்டும்."

காட்டினேன். அத்தர் தோய்த்த பஞ்சை உள்ளே செருகிவிட்டார். அதோடு கடைக்குப் போனேன். முதலாளி அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே, வேலைக்கு வந்தியா, தாலி கட்ட வந்தியா?"

அன்றிலிருந்து என் யுத்தம் தொடங்கியது. சாம்பிராணி போட்டேன். வேப்பிலைப் புகை போட்டேன். மூலைக்கு மூலை தட்டில் கரித்துண்டு வைத்தேன். பீரோவில் ரசகற்பூரம், தரையில் பிளீச்சிங் பவுடர், ஜன்னலில் எலுமிச்சம்பழத் தோல். எல்லாம் போட்ட பிறகு வாடை போகவில்லை, பக்தி மட்டும் வந்தது. முன்பு வெறும் ஈரச்சாக்கு. இப்போது கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஈரச்சாக்கு.

டீக்கடையில் நியாயம் கேட்டேன். கடைக்காரர் என் வீட்டுக்கு வந்து மோந்து பார்க்கவே இல்லை.

"காக்கா என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் இல்லைன்னாவ."

"பெறவு என்ன? அவாள விட உம்ம மூக்கு பெரிசா?"

அதற்குமேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காக்கா காயலுக்குப் போயிருக்கிறார் என்ற தைரியத்தில், பூட்டிய அறையின் கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கில் மூக்கை வைத்துத் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு இழுத்தேன். சந்தேகமே இல்லை. இன்னொரு தடவை இழுத்தேன். மூன்றாவது தடவை இழுக்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு செருப்பு தெரிந்தது. மழையால் அந்த வாரம் அவர் காயலுக்குப் போகவில்லை.

"என்ன வே, பாய் இல்லாமலா படுத்திருக்கீரு?"

"இல்ல காக்கா... எறும்பு... எங்கன போகுதுன்னு..."

"எறும்பு போற எடத்துக்கெல்லாம் பின்னால போகாதேயும். அதுக்குக் குடும்பம் குட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

இன்னொரு நாள் காலையில் அவர் வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து பால் கருகுகிற நெடி வந்தது. கருகி, தீய்ந்து, புகையே வந்துவிட்டது. அவர் பாட்டுக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பாத்திரம் கரிக்கட்டை.

"காக்கா, பால் கருகுச்சே, உங்களுக்குத் தெரியலியா?"

ஒரு நொடி என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுது வே. கருகுன பால் வாசம் எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் ரசிச்சுக்கிட்டு இருந்தேன். நீரு எதுக்கு ஓடிப்போய் அணைச்சீரு?"

நான் மன்னிப்புக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முக்கூடலிலிருந்து சித்ரா தினமும் போன் போடுவாள். முதல் கேள்வி, "சாப்பிட்டியளா?" இரண்டாவது, "வாடை போயிட்டா?" தை பிறந்ததும் பிள்ளையோடு வருவதாக ஏற்பாடு. மார்கழி பாதியில் என் மாமியார் பஸ் ஏறி வீட்டைப் பார்க்க வந்தார்.

முக்கூடல் அத்தை பீடி சுற்றுகிறவர். எங்கே போனாலும் ஒரு பையில் இலை, தூள், நூல்கண்டு, கத்தரி எல்லாம் கூடவே போகும். ஆஸ்பத்திரியில் பேத்தி பிறக்கக் காத்திருந்த நேரத்திலும் மடியில் சுளகை வைத்துச் சுற்றிக்கொண்டுதான் இருந்தார். வாசலில் காலை வைத்தவர் அப்படியே நின்றார். சேலைத் தலைப்பு மூக்குக்குப் போனது.

"மருமவனே, இங்கன எப்படி இருக்கிய?"

"பழகிட்டு அத்தை."

"நீங்க பழகிக்கிடுவிய. எம்பேத்தி பழகுவாளா? பச்ச மண்ணு. நெஞ்சுல சளி கட்டுனா யாரு பாக்க? இந்த வாடை போகுத மட்டும் புள்ளையும் தாயும் முக்கூடல்லயே இருக்கட்டும்."

"எப்பம் போகும்னு தெரியலியே அத்தை."

"அப்பம் அங்கனயே பள்ளிக்கூடம் சேத்துருவோம்."

கவலைக்காரனுக்கு ஒரு வரி போதும், மீதிக் கதையை அவனே எழுதிக்கொள்வான். மகள் முக்கூடலில் படிக்கிறாள், முக்கூடலிலேயே பெரியவளாகிறாள், கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு இடமில்லை என்கிறார்கள். அந்தக் கல்யாணச் சீர்வரிசைப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறவனாக நான் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவும் அத்தை செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் எனக்குத் தோன்றிவிட்டது.

அத்தை வாடை வந்த வழியே நடந்தார். நேராகப் பூட்டிய அறைக்கு முன்னால் போய் நின்றார். "வீட்டுக்கார அண்ணாச்சியக் கூப்பிடுங்க."

காக்கா வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அண்ணாச்சி, இந்த ரூமைத் தொறங்க."

"எதுக்கும்மா?"

"உள்ள இருந்துதான் வருது பூசணம். பீடி இலைய நனைச்சுச் சுருட்டி வச்சுட்டு மறந்துட்டா வருமே, அதே வாடை."

"அம்மா, அது அத்தர் இருக்கிற ரூமு. நான் துபாய்ல பெரிய பெரிய ஆளுகளுக்கெல்லாம் மோந்து பாத்துச் சொன்னவன்."

"எங்களுக்கும் ஒருக்க மோந்து பாத்துச் சொல்லுங்களேன். நாங்களும் பெரிய ஆளுகதான், முக்கூடல்ல."

காக்கா சாவியை எடுத்தார். "தொறக்கேன். மணம் வந்தா என்ன செய்விய?"

"மன்னிப்புக் கேட்டுட்டு அடுத்த பஸ்ஸப் பிடிக்கேன்."

கதவு திறந்தது. நான் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன். அவ்வளவு நெடி. கதவோரத்தில் அலமாரி, அதில் குப்பிகள், யாவாரப் பெட்டி. காக்கா தினமும் எடுப்பது அங்கேதான். அதற்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. பல்பு எப்போதோ போய்விட்டது. அத்தை தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியைப் பிடித்து இழுத்தார். அது இட்லி மாதிரி பிய்ந்து கையோடு வந்தது. பின்சுவர் தெரிந்தது. பச்சையும் கறுப்புமாக வெல்வெட் விரித்த மாதிரி சுவர் முழுக்கப் பூசணம். மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற பைப் அந்தச் சுவருக்குள் ஓடுகிறது, எங்கோ வெடித்திருக்கிறது.

நான் இருமினேன். அத்தை இருமினார். எட்டிப் பார்த்த பூனைகூடத் திரும்பிப் போய்விட்டது. அந்த அறைக்குள் மூக்கைப் பொத்தாமல், முகம் சுளிக்காமல், நிம்மதியாக நின்றவர் காக்கா ஒருத்தர்தான். சுவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார். அப்புறம் அவசரமாகத் தன் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

"தொழுதுட்டு வாரேன்" என்று காக்கா போய்விட்டார்.

"மருமவனே, எல்லாத்தையும் மொட்டைமாடிக்குக் கொண்டு போங்க. வெயில் படட்டும்" என்றார் அத்தை. நான் பெட்டி பெட்டியாகச் சுமந்தேன். அத்தை அலமாரியைத் துடைத்தார். அலமாரிக் குப்பிகளையும் பெட்டியில் இருந்த குப்பிகளையும் ஒன்றுவிடாமல் எடுத்துச் சுடுதண்ணீர்த் துணியால் துடைத்தார். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு நான் இறங்கி வந்தபோது, பட்டாசலில் பேப்பர் விரித்து, குப்பிகளை உயரவாரியாக நிறுத்தியிருந்தார். பளபளவென்று மின்னின. அவர் கையில் கத்தரி. பக்கத்தில் ஒரு குப்பல் நூல்.

"என்ன அத்தை இது?"

"கழுத்துல கட்டியிருந்த நூலெல்லாம் வெள்ளை பூத்துக் கெடந்துது. ஈரத்துல ஊறுன பீடிக்கட்டு மாதிரி. அதுலயும் வாடை. எல்லாத்தையும் நறுக்கிட்டேன்."

எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஊரில் எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான் அதற்கு மட்டும் கவலைப்படவில்லை.

காக்கா திரும்பி வந்தார். வாசலில் செருப்பை விட்டு, சிரித்த முகமாகத்தான் உள்ளே வந்தார். குப்பிகளைப் பார்த்தார்.

"நூலு எங்க?"

"பூசணம் அண்ணாச்சி. நறுக்கிப் போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல."

காக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு குப்பியை எடுத்துத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். மூடினார். அடுத்ததைத் திறந்தார். மூடினார். மூன்றாவது குப்பியை வெறுமனே கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"எது எதுன்னு தெரியலியே வே" என்றார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. பள்ளி வாசல்ல எல்லாரும் வந்து நிப்பாவளே."

"மோந்து பாத்தா தெரிஞ்சிருமே காக்கா" என்றேன் நான், புத்திசாலித்தனமாக.

"தெரியும். மோந்து பாக்க முடிஞ்சா."

அப்புறம் குப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு கெடந்தோம்லா, அந்தக் காய்ச்சல்ல போச்சு வே. நெறையப் பேருக்குப் போச்சு, திரும்பி வந்துட்டு. எனக்கும் வரும் வரும்னுதான் பாத்தேன். வீட்டுல சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. மூக்கு இல்லாதவன்கிட்ட எவன் அத்தர் வாங்குவான்? நூலு கட்டிக்கிட்டு ஓட்டினேன். செவப்புன்னா ரோஜா, பச்சைன்னா வெட்டிவேர்னு."

"அப்பம் சந்தனம், மரிக்கொழுந்துன்னு எங்க வீட்டுல சொன்னீங்களே?"

"மூக்கு இருந்த காலத்துல மழைக்கு அந்தப் பட்டாசல் அப்படித்தான் மணக்கும், அந்த ஞாபகத்துல சொன்னேன். உம்ம மூக்குல கோளாறுன்னேன். மனசுல வச்சுக்கிடாதேயும்."

கருகிய பால் எனக்கு ஞாபகம் வந்தது.

அத்தைதான் முதலில் அசைந்தார். தன் பையை இழுத்து, உள்ளே கைவிட்டு, நூல்கண்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். ஒவ்வொரு பீடிக் கம்பெனிக்கும் ஒவ்வொரு கலர் நூல். மாறி மாறிப் பல கம்பெனிக்குச் சுற்றியதில் மிச்சம் கிடந்தது எல்லாம் அந்தப் பையில் இருந்தது.

"நறுக்குனது நானு. கட்டித் தாரேன். கலர் பத்தலன்னா முடிச்சைக் கூட்டிப் போட்டுக்கிடுவோம். மருமவனே, இங்கன உக்காருங்க. நீங்க மோந்து சொல்லுங்க. அண்ணாச்சி பேரைச் சொல்லட்டும்."

"நானா? தப்பாச் சொல்லிட்டா?"

"இந்த வீட்டுல வாடை இருக்குன்னு மொதல்ல சொன்ன மூக்கு எது?"

உட்கார்ந்தேன். முதல் குப்பியைத் திறந்தேன்.

"காக்கா, இது... வெயில் காலத்துல ரோட்டுல தண்ணி தெளிச்ச மாதிரி."

"மண் அத்தர். ஒத்தை முடிச்சு, மஞ்சள்" என்றார் காக்கா. அத்தை நூலைச் சுண்டிக் கட்டினார். பீடிக்குப் போடுகிற அதே முடிச்சு, கண் இமைப்பதற்குள்.

"இது கல்யாண வீட்டுல மறுநாள் காலையில பந்தல் பிரிக்கும்போது வருமே..."

"வாடுன மல்லியா?"

"ஆமா."

"அது மல்லி இல்ல, இருவாச்சி. மல்லி அத்தர்னா வாடுன வாசம் வராது. இன்னொருக்க மோந்து பாரும்."

பார்த்தேன். சந்தேகத்துக்கு மூன்றாவது தடவையும் பார்த்தேன். இருவாச்சிதான். என் வாழ்க்கையில் நான் மூன்று தடவை பார்த்ததை ஒருத்தர் சலித்துக்கொள்ளாமல் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

"இது மருந்துக்கடை மாதிரி ஆரம்பிக்கி. பெறவு மரம். கடைசில புகை."

"ஊது, அகில் அத்தர்!" காக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பைய வையும் வே, பைய. வெல கூடுன சரக்கு. மூணு முடிச்சு போடுங்கம்மா."

பாதியில் எனக்கு எல்லாமே ஒன்றுபோல மணக்க ஆரம்பித்துவிட்டது. பயந்துவிட்டேன். "சட்டைக் கையை மோந்துக்கிடும், மூக்கு தெளிஞ்சிரும்" என்றார் காக்கா. மோந்தேன். பாத்திரம் விளக்குகிற புளி வாசம். தெளிந்துவிட்டது.

நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் பெயர் வந்தது. மூக்குதான் போயிருந்தது. உள்ளே எல்லாம் அப்படியே வைத்த இடத்தில் இருந்தது. கடைசியாக ஒரு சின்னக் குப்பி.

"காக்கா, இது எனக்குப் பிடிபடல. நல்லெண்ணெய் மாதிரியே இருக்கு. துபாய்ச் சரக்கா?"

"நல்லெண்ணெய்தான் வே. கதவுக் கீல் கிறீச்சிடுதுன்னு வச்சிருந்தேன்."

அத்தை சிரித்த சிரிப்பில் நூல்கண்டு உருண்டு அடுக்களை வரைக்கும் போய்விட்டது.

அடுத்த வாரமே கொத்தனார் வந்து சுவரை உடைத்துப் பழைய பைப்பை எடுத்துவிட்டு, புதுப் பைப்பை வெளிப்பக்கமாக இறக்கினார். காரையைச் சுரண்டி, காயவிட்டு, பூசி, வெள்ளையடித்தார்கள். மக்கிப்போன அட்டைகள் போயின. அறையில் புது பல்பு எரிந்தது. தை பிறக்குமுன் அத்தை மறுபடி வந்து, சரக்கு அறையின் நடுவில் நின்று, இடப்பக்கம் ஓர் இழுப்பு, வலப்பக்கம் ஓர் இழுப்பு இழுத்தார். காக்கா வாசலில் பரீட்சை எழுதினவர் மாதிரி நின்றார்.

"சந்தனம்" என்றார் அத்தை. "வேற ஒண்ணும் இல்ல."

பிறகு ஒரு நாள் காக்காவிடம் சொன்னேன். "நூல் மறுபடியும் நனையும் காக்கா. நான் மிஷினைக் கொண்டு வந்து மூடியில பொடிசாப் பேரு வெட்டித் தாரேன். ஆயுசுக்கும் அழியாது."

"லேபிளா?" என்று முறைத்தார். பழைய காக்கா. "நூலே இருக்கட்டும் வே. நூலு அந்துபோனா நீரு இருக்கீரே."

அதற்கப்புறம் புதுச் சரக்கு எது வந்தாலும் முதல் குப்பி என் மூக்குக்குத்தான் வரும். இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன், வழக்கம்போல மூன்று தடவை. "எழுதும் வே. வீட்டுல சொல்லியாச்சு, இனி யாருக்கு ஒளிக்க? வாசிக்கிறவனுக்கு வாடையா அடிக்கப்போவுது?" என்றார்.

தையில் நல்லநாள் பார்த்துச் சித்ரா பிள்ளையோடு வந்தாள். ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டி வந்ததும் காக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். உச்சந்தலையில் மூக்கை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எப்படி வே இருக்கு?" என்றார்.

நானும் குனிந்து மோந்தேன். இன்னொரு தடவை மோந்தேன்.

"பால் வாசம் காக்கா. அதுக்கு மேல கொஞ்சம் வசம்பு. காதுக்குப் பின்னால லேசா வேர்வை."

கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா வே" என்றார். "அப்படித்தான் இருக்கும்."

இப்போது மகள் நடக்கிறாள். மொபெட் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். காக்கா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவள் உச்சியை மோந்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் சொல்லுவேன்.